உமேதுவார் முதல் இன்டர்ன் வரை

"மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்க சார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி மட்டும் வேண்டாம், ஏற்கனவே மூணு பேர் எழுதிட்டாங்க" என்று மலர்க் குழு நண்பர் கேட்டுக்கொண்டார். சாம்பார் இல்லை என்றால் சரித்திரம்தான் என்று முடிவு செய்தேன். சிவில் இன்ஜினியருக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பழைய கட்டடத்தைப் பார்த்தால் அஸ்திவாரம் எங்கே என்று தேடுவது எங்கள் தொழில் புத்தி.

நம் கல்லூரிக்கு வரும்போதெல்லாம் இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, கலெக்டர் ஆபீஸ்ல, தாலுகா ஆபீஸ்ல இன்டர்ன்ஷிப் கிடைக்குமா?" நாங்கள் படித்தபோது இதை யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு இன்டர்ன்ஷிப் என்றால் கம்பெனி. அதுவும் பல பேருக்கு ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு, நாமே பணம் கட்டி சர்டிபிகேட் வாங்கி வருவதாகத்தான் இருந்தது. இன்றைக்கு இன்ஜினியரிங் முடித்தவர்களும் குரூப்-1, குரூப்-2, குரூப்-4, யு.பி.எஸ்.சி. என்று எழுதுகிறார்கள். எழுதப்போகிற வேலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பார்க்க ஆசைப்படுகிறார்கள். மிக நியாயமான ஆசை.

இந்த ஆசை புதியது அல்ல. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் அரசு வேலை பழகுவதற்கு இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அந்தக் கதையில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. வேலை பழகுகிற காலத்தில் பழகுபவனுக்குச் சோறு யார் போடுவது?

கச்சேரித் திண்ணை

1801-ல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நம் பக்கம் தென்னாற்காடு ஜில்லா ஆயிற்று. கலெக்டரின் தலைமையிடம் கடலூர். விழுப்புரமும் திண்டிவனமும் அதன் தாலுகாக்கள். அக்காலத்தில் கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, சர்க்கார் அலுவலகம்.

அந்தக் கச்சேரி வேலையை இரண்டு கூட்டத்தார் பழகினார்கள். முதல் கூட்டம், சீமையிலிருந்து வந்த இளைஞர்கள். இவர்களைத் தயார் செய்ய 1806-ல் கம்பெனி இங்கிலாந்தில் ஒரு கல்லூரியையே தொடங்கியது. 1809 முதல் ஹெய்லிபரி என்ற இடத்தில் அது நடந்தது. ஜனத்தொகைக் கொள்கைக்குப் பேர்போன மால்தஸ் அங்கே பேராசிரியர். படித்துவிட்டுச் சென்னைக்கு வந்தவர்கள் இங்கேயும் படிக்க வேண்டும் என்று 1812-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதிய எல்லிஸ்தான் அதற்கு மூலகாரணர். தமிழும் தெலுங்கும் கற்காமல் ஜில்லாவுக்குப் போய் என்ன நிர்வாகம் செய்வது என்பது அவர் கேள்வி. இன்றைக்கும் பொருத்தமான கேள்விதான். ஒன்றைக் கவனியுங்கள். இங்கே படித்துக்கொண்டிருந்த காலத்திலும் அந்த இளைஞர்களுக்குக் கம்பெனியின் சம்பளம் உண்டு.

இரண்டாவது கூட்டம் நம்மவர்கள். இவர்களுக்குக் கல்லூரி இல்லை. கச்சேரித் திண்ணைதான் கல்லூரி. வேலை காலியாகும் என்ற நம்பிக்கையில், சம்பளம் இல்லாமல் தினமும் வந்து, கணக்கு நகல் எடுத்து, மனு எழுதி, குமாஸ்தாவுக்குக் கைவேலை செய்து வந்தவர்களுக்கு உமேதுவார் என்று பெயர். உருது வழியாக வந்த சொல். நம்பிக்கையோடு காத்திருப்பவன் என்று பொருள். இன்றைய பாஷையில் சொன்னால் 'அன்பெய்ட் இன்டர்ன்'!

உமேதுவார் முறையில் நல்லதும் இருந்தது. வருஷக்கணக்கில் கூடவே இருந்து பழகியவனுக்குக் கச்சேரியின் நெளிவு சுளிவெல்லாம் அத்துப்படி. ஆனால் சம்பளம் இல்லாமல் யாரால் அப்படிக் காத்திருக்க முடியும்? வீட்டில் நிலத்து நெல் வந்துகொண்டிருக்க வேண்டும். அல்லது கச்சேரியில் மாமாவோ அண்ணனோ வேலையில் இருந்து, அவர் வீட்டில் சாப்பாடு கிடைக்க வேண்டும். கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டுப் பையன், புத்திசாலியாக இருந்தாலும் திண்ணையில் நாலு மாசம் உட்கார முடியாது. வேலைகள் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்தன. இதைச் சர்க்காரே கண்டுகொண்டது. 1854-ல் ரெவின்யூ போர்டு ஒரு நிலையாணை போட்டது. ஜில்லாவின் கீழ்நிலை வேலைகள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் ஏகபோகமாகிவிடக் கூடாது, அந்தந்த ஜில்லாவின் முக்கியச் சாதியாருக்குள் பகிர்ந்து கொடுக்கக் கலெக்டர்கள் முயல வேண்டும் என்பது அதன் சாரம். பிற்காலத்து வகுப்புவாரி உரிமைப் பேச்சுக்கெல்லாம் இது ஒரு பழைய சாட்சி.

சின்னத் தொகை கொடுத்தாலும் என்ன நடக்கும் என்பதற்குத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஓர் உதாரணம் உண்டு. 1832-ல் பிறந்த முத்துசாமி என்ற ஏழைச் சிறுவன், கிராமக் கணக்கருக்கு உதவியாளாகச் சேர்ந்தான். மாதச் சம்பளம் ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய் இருந்ததால்தான் அவன் அங்கே தங்க முடிந்தது. தங்கியதால்தான் அவனுடைய சூட்டிகை அங்கிருந்த தாசில்தாரின் கண்ணில் பட்டது. அவர் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி ஐயர்தான் அந்தச் சிறுவன். தெருவிளக்கில் படித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நான் அந்தத் தெருவிளக்கைவிட ஒரு ரூபாயைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

பரீட்சை வந்தது

1855-ல் ஐ.சி.எஸ். வேலைக்கு லண்டனில் போட்டித் தேர்வு ஆரம்பமாயிற்று. சிபாரிசில் ஆள் எடுத்த ஹெய்லிபரிக் கல்லூரி 1858-ல் மூடப்பட்டது. 1863-ல் சத்யேந்திரநாத் தாகூர் அந்தத் தேர்வில் தேறிய முதல் இந்தியர் ஆனார். கப்பல் ஏறாமல் நம் நாட்டிலேயே அந்தத் தேர்வை எழுத 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தேர்வில் தேறினாலும் உடனே நாற்காலி கிடையாது. சீமைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக் காலம், சட்டம், மொழி, கடைசியில் குதிரையேற்றம்! ஜில்லாவைச் சுற்றிப் பார்க்கக் குதிரை வேண்டுமே. நமக்குப் பக்கத்து ஊர்க்காரராகிவிட்ட ஒருவரின் கதை இதில் இருக்கிறது. 1890-ல் ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறி, கேம்பிரிட்ஜில் பயிற்சியில் இருந்த இளைஞர் ஒருவர், குதிரையேற்றப் பரீட்சைக்கு வராததால் 1892-ல் நீக்கப்பட்டார். அவர்தான் அரவிந்தர். 1910-ல் புதுச்சேரிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் மாகாணத்தில் 1929-ல் சென்னை சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. மாகாண அளவில் இந்தியாவில் அதுதான் முதலாவது. இன்றைய டி.என்.பி.எஸ்.சி.யின் தாத்தா. பரீட்சையைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். குறை இல்லாமல் இல்லை. ஆனாலும் கச்சேரித் திண்ணையில் இடம் இல்லாதவன் உள்ளே வர வழி செய்தது அந்தப் பரீட்சைதான். என் வகுப்பில் படித்த நண்பர்கள் சிலர் இன்று அரசு வேலையில் இருக்கிறார்கள் என்றால், மாமா பெயர் கேட்காத கேள்வித்தாள்தான் காரணம்.

கணக்குப்பிள்ளை மகன்

ஆனால் கிராமத்தில் மட்டும் பழைய முறை நெடுங்காலம் நீடித்தது. கர்ணம், மணியக்காரர் வேலைகள் அப்பனுக்குப் பின் மகனுக்கு என்று பரம்பரையாக வந்தன. 1895-ல் வந்த ஒரு சென்னைச் சட்டம் அதை எழுத்திலும் உறுதி செய்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "கணக்குப்புள்ள மவன் அடங்கல் படிச்சுட்டுத்தான் பொறப்பான்." வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. சிட்டா, அடங்கல், புல வரைபடம் எல்லாம் அந்த வீட்டுத் திண்ணையில் கிடக்கும். பையன் சங்கிலி பிடித்து நிலம் அளக்க அப்பாவோடு போவான். அதைவிட நல்ல இன்டர்ன்ஷிப் எங்கே கிடைக்கும்? மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் இல்லை என்பதுதான் குறை.

1960-ல் உச்ச நீதிமன்றம், பிறப்பைப் பார்த்துக் கிராம வேலை கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதி நேரக் கிராம அதிகாரிப் பதவிகளையே ஒழித்தது. பிறகு வந்தவர்தான் நமக்குத் தெரிந்த வி.ஏ.ஓ. தேர்வு எழுதி வருபவர். 2018 முதல் அந்தத் தேர்வு குரூப்-4 தேர்வோடு சேர்ந்துவிட்டது. 2022-ல் குரூப்-4 அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம்.

இது சமூக நீதியின் பெரிய வெற்றி. அதே நேரத்தில் ஒரு பள்ளமும் விழுந்தது. திண்ணை போனதோடு பழகுகிற இடமும் போயிற்று. இன்றைக்கு அடங்கலைக் கண்ணால் பார்க்காமலே அடங்கல் பற்றிய கேள்விக்குச் சரியான விடையைக் கறுப்பாக்கிவிடலாம். வேலை கிடைத்த பிறகு பயிற்சி உண்டு. ஐ.ஏ.எஸ். என்றால் முசௌரியும், பிறகு மாவட்டப் பயிற்சியும். மாநிலப் பணியாளர்களுக்குப் பவானிசாகர் பயிற்சி நிலையம். ஆனால் தேர்வு எழுதலாமா வேண்டாமா என்று இருபது வயதில் முடிவெடுக்கும் மாணவனுக்கு? அவனுக்குக் கோச்சிங் சென்டர் சுவரில் ஒட்டிய போஸ்டர்தான் கச்சேரி.

முகாமில் சோறு இருந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு நம் தலைவர்கள் இந்தப் பள்ளத்தைக் காணாமல் இல்லை. 1959-ல் சி.டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு கூடியது. பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம் வரை கட்டாய தேச சேவை செய்ய வேண்டும் என்று அது சொன்னது. கேட்க நன்றாக இருந்தது. செலவைக் கணக்குப் போட்டதும் கைவிட்டார்கள். மறுபடியும் அதே கேள்விதான், சோறு யார் போடுவது? அடுத்து பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே.ஜி. சையிதைன், சேவை விருப்பத்தின்பேரில் இருக்கட்டும் என்று 1960-ல் அறிக்கை கொடுத்தார். 1969 செப்டம்பர் 24 அன்று, மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். காந்தி நூற்றாண்டு வருஷம் அது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் வந்ததும் அந்த 1960-களின் இறுதியில்தான்.

இரண்டு வருஷத்தில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது என்.எஸ்.எஸ். கணக்கு. நானும் அதில் ஒருவன். செஞ்சி ரோட்டில் ஒரு கிராமத்தில் எங்கள் முகாம். காலையில் ஏரி வரத்து வாய்க்காலைத் தூர் எடுத்தோம். சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தோம். ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகைக் காகிதத்தை நீட்டி, "இது எந்த மேசையில நிக்குதுன்னு பாத்துச் சொல்லு சாமி" என்றார். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தனித் தாசில்தார் என்று அந்தக் காகிதம் போகிற பாதையை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். எந்தப் பாடப் புத்தகத்திலும் அப்படிப் படித்ததில்லை. அந்த முகாமில் என் பக்கத்தில் படுத்திருந்த நண்பன் இன்று வருவாய்த் துறையில் இருக்கிறான். "அந்தப் பாட்டியாலதான்டா இந்த வேலைக்கு வந்தேன்" என்பான்.

முகாமுக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். மூன்று வேளைச் சோறு அங்கேயே கிடைத்தது. போக வர பஸ் செலவு கிடையாது.

இன்றைய நிலை

தொழிற்சாலையில் பழகுபவனுக்குச் சட்டம் இருக்கிறது. 1961-ன் அப்ரன்டிஸ் சட்டம் 1973-ல் திருத்தப்பட்டு, இன்ஜினியரிங் பட்டதாரிகளுக்கும் டிப்ளமாக்காரர்களுக்கும் உதவித்தொகையுடன் தொழில் பழக வழி செய்தது. நம் முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் பிள்ளைகளுக்கு மாதா மாதம் உதவித்தொகை உண்டு. தாலுகா அலுவலகத்தை, பஞ்சாயத்தைப் பழக நினைக்கும் மாணவனுக்கு அப்படி ஒரு ஏற்பாடு எல்லோருக்குமாக இல்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த இடம் நம் மாவட்டத்தின் மரக்காணம் ஒன்றியம், முதலியார்குப்பம். கொரோனாவில் பள்ளி இழந்த குழந்தைகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுத்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் அது முத்துசாமியின் ஒரு ரூபாய் மாதிரி. 2022-ல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் வந்தது. மாத உதவித்தொகையோடு இளைஞர்கள் அரசுத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்யும் திட்டம் அது. இடங்கள் மிகச் சில. 2023-ல் நான் முதல்வன் திட்டத்தின் கீழ், யு.பி.எஸ்.சி. முதல்நிலைக்குப் படிக்கும் 1,000 பேருக்குப் பத்து மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். அது படிப்பதற்கு. வேலையைக் கூட இருந்து பார்ப்பதற்கு அல்ல. பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோடு கலெக்டர் அலுவலகம் 2015-லிருந்து பட்டதாரிகளை இன்டர்ன்களாகச் சேர்த்துக்கொண்டது.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் கேளுங்கள். அமெரிக்காவின் வெள்ளை மாளிகையிலேயே இன்டர்ன்களுக்கு 2022 வரை சம்பளம் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் வர முடிகிறது என்ற நெடுநாள் புகாருக்குப் பிறகு அந்த வருஷம்தான் கொடுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளை மாளிகையும் கச்சேரித் திண்ணையாகத்தான் இருந்திருக்கிறது!

போன வருஷம் ஒரு தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா இருவரும் மரக்காணத்து உப்பளத்தில் வேலை. அவளுக்கு ஓர் அலுவலகத்தில் இரண்டு மாதம் சம்பளமில்லாப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. போகவில்லை. "ரெண்டு மாசம் போனா, ஜெராக்ஸ் கடையில பாக்குற வேலை போயிடும்ணா. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்ல கேக்க முடியாது." கடலூர்க் கச்சேரித் திண்ணையில் இடம் கிடைக்காத பையன் இருநூறு வருஷம் கழித்து இதே வட்டாரத்தில் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

நாம் செய்யக்கூடியது

சரித்திரம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு யோசனை சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் பொதுக்குழுவுக்கு ஒரு கணக்கு வைக்கிறேன். ஒரு மாணவருக்குப் பஸ்ஸும் மதியச் சாப்பாடும் சேர்த்து நாளைக்கு 200 ரூபாய். முப்பது நாளைக்கு 6,000. பத்து மாணவர்களுக்கு 60,000. இருபது முன்னாள் மாணவர்கள் ஆளுக்கு 3,000 போட்டால் தீர்ந்தது.

காலமும் தோதாக இருக்கிறது. பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிகிறது. அதையொட்டி மே, ஜூனில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும். ஏறக்குறைய அதே சமயத்தில் நமக்கு விடுமுறை. மனுவோடு வரும் ஜனங்களுக்கு எந்த வரிசை, எந்தச் சான்று என்று வழிகாட்ட நாலு மாணவர்கள் இருந்தால் எந்தத் தாசில்தார் வேண்டாம் என்பார்? மே 1 கிராம சபையில் உட்கார்ந்து கவனிக்கலாம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு வாரத்தில் ஒரு வி.ஏ.ஓ.வோடு கூட நடந்து, பயிர்ச் சேதமும் வீட்டுச் சேதமும் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்று பார்ப்பவர், இந்த வேலை தனக்கு வேண்டுமா என்று தெரிந்துகொள்வார். வேண்டாம் என்று தெரிந்துகொண்டாலும் லாபம்தான். நாலு வருஷம் கோச்சிங்கில் வீணாகாது. அரசுப் பணியில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்கள் அனுமதிக் கடிதத்துக்கு வழி சொன்னால் போதும். ரகசியக் கோப்பு எதையும் மாணவர்கள் தொட வேண்டியதில்லை.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சங்கம் தீர்மானம் போடும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த கிராம சபைக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். என்.எஸ்.எஸ். முகாமுக்குப் பெயர் கொடுங்கள். இரண்டுக்கும் உங்கள் கையிலிருந்து காசு போகாது. சங்கத்தின் பெரியவர்களே, 3,000 ரூபாய்க்கான இருபது பெயரில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மீதி பத்தொன்பதைப் பொதுக்குழு அன்றைக்கே நிரப்பிவிட முடியும். வரும் ஜமாபந்திக்கு அந்த உப்பளத்து வீட்டுத் தங்கையும் வர வேண்டும்.